பழைய கணினியைத் துடைக்கும் முன் தமிழைக் காப்பாற்றுங்கள்

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருடைய மடிக்கணினிக்கு ஏறக்குறைய பத்து வயது. 2025 அக்டோபரில் அதன் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதில் இருக்கும் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு ஆதரவு முடிகிறது என்று அது சொன்னது. பெரியப்பா பயந்துபோய், படிவம் நான்கில் படிக்கும் பேரனைக் கூப்பிட்டார்.

பேரன் கெட்டிக்காரன். தாத்தாவின் கோப்புகளையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டான். ஒரே சனிக்கிழமையில் விண்டோசைத் துடைத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினான். கணினி முன்பைவிட வேகமாகவே ஓடியது. கோப்புகளைத் திரும்பவும் உள்ளே போட்டுக் கொடுத்தான். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

தாத்தா முதலில் திறந்த கோப்பு, அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றியது. எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, தோட்டம் துண்டாடப்பட்டபின் யார் எங்கே போனார்கள் என்று இருபது ஆண்டுகளுக்கு முன் அவரே உட்கார்ந்து தட்டச்சு செய்த பட்டியல். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. பட்டியலில் இருந்த பெரியவர்களில் பலரும் இப்போது இல்லை.

கோப்பு திறந்தது. ஆனால் அதில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன. "அம்மா" என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது.

தமிழ் எங்கே போனது? அதைச் சொல்வதற்கு முன், அந்த அறிவிப்பு எதற்கு வந்தது என்று பார்ப்போம்.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

இயங்குதளம் என்பது கணினியின் மேலாளர் போன்றது. திரை, விசைப்பலகை, நினைவகம், வன்தட்டு, இணையம் எல்லாவற்றையும் செயலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அது பல கோடி வரிகளில் எழுதப்பட்ட நிரல். மனிதர்கள் எழுதியது என்பதால் அதில் தவறுகள் இருக்கும். சில தவறுகள் வெறும் தொல்லை. சில தவறுகள் வெளியாள் உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள்.

ஓட்டை தெரியவரும்போதெல்லாம் நிறுவனம் ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறது. மைக்ரோசாப்ட் இதை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அனுப்புகிறது. அமெரிக்காவில் செவ்வாய், நமக்குப் பெரும்பாலும் புதன் அதிகாலை. "கணினியை மீண்டும் தொடங்க வேண்டும்" என்று அடிக்கடி வரும் செய்தியை எரிச்சலோடு ஒத்திப்போடுகிறீர்களே, அதன் பின்னால் இருப்பது இந்தத் திருத்தங்கள்தாம்.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பொருள், மறுநாள் காலையில் கணினி ஓடாது என்பதல்ல. அது எப்போதும்போல் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை இனி யாரும் அடைக்கமாட்டார்கள் என்பதுதான் பொருள்.

இங்கே பலர் ஒரு கேள்வி கேட்பார்கள். பத்து ஆண்டுகள் திருத்தித் திருத்தி வந்த இயங்குதளத்தில் இன்னும் என்ன ஓட்டை மிச்சம் இருக்கப்போகிறது?

விடை சற்று வியப்பானது. ஓட்டையைக் காட்டிக்கொடுப்பதே திருத்தம்தான். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் பொதுவான பகுதிகள் மிகுதி. விண்டோஸ் 11க்கு ஒரு திருத்தம் வந்தவுடன், தாக்க நினைப்பவர்கள் திருத்தத்துக்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். எந்த இடம் மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்திருக்கிறது. அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால், அது அடைக்கப்படாமல் திறந்தே கிடக்கும். ஆகவே ஆதரவு நின்றபின் நாளாக நாளாக ஆபத்து கூடிக்கொண்டுதான் போகும்.

59 நாள்

திருத்தத்தைப் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக 'வானாகிரை' என்ற நிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடு என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டிக்கொண்டன. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தள்ளிவைக்கப்பட்டன.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்திருந்தது. ஆனாலும் நிலைமை மோசமானதால் அதற்கும் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்! திருத்தம் வந்திருந்தும் போடாமல் இருந்தவை அவை. ஆதரவு இல்லாத கணினியும், ஆதரவு இருந்தும் திருத்தம் போடாத கணினியும் தாக்குபவனுக்கு ஒன்றுதான்.

தமிழ் எங்கே போனது?

இனி தாத்தாவின் கோப்புக்கு வருவோம்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கில எழுத்துகளுக்கு 1960களிலேயே எண்கள் வகுத்துவிட்டார்கள். தமிழுக்கு அப்படி எல்லாரும் ஏற்ற எண்கள் நெடுநாள் இல்லை. அப்போது நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் படத்தை மட்டும் மாற்றினார்கள். அந்தப் படங்களின் தொகுப்புதான் எழுத்துரு.

தாத்தா பயன்படுத்தியது 'பாமினி' என்ற எழுத்துரு. அதில் "அம்மா" என்று தட்டினால் கோப்பில் பதிவாகும் எண்கள் இவை: 109, 107, 59, 107, 104. இவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகியவற்றுக்குரிய ஆங்கில எண்கள். பாமினி எழுத்துரு கணினியில் இருக்கும்வரை 109 என்ற எண் 'அ' என்ற படமாகத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனால், 109 மறுபடி ஆங்கில எழுத்தாகிவிடும். பேரன் விண்டோசைத் துடைத்தபோது அதோடு பாமினி எழுத்துருவும் போய்விட்டது. ஆங்கில எழுத்து போட்டிருந்த தமிழ் வேடம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

பாமினி ஒன்று மட்டும் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எண்வரிசையை வைத்திருந்த காலம் அது. ஒருவர் அனுப்பியதை மற்றவர் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகக் கூடிப் பேசி 'தஸ்கி' என்ற பொது எண்வரிசையை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 'தாப்', 'தாம்' என்ற இரண்டை ஏற்றது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது.

இதில் மலேசியாவின் பங்கு பெரிது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே தமிழ் மென்பொருள் உருவாக்கத் தொடங்கினார். அதுதான் 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. பின்னர்க் கைப்பேசிக்குச் 'செல்லினம்' வந்தது. உங்கள் வீட்டில் ஆப்பிள் கணினி இருந்தால் எழுத்துருப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'இணைமதி' என்ற பெயரும், 'எம்என்' என்று முடியும் தமிழ் எழுத்துருக்களின் பெயர்களும் இருக்கும். அந்த எம்என், முத்து நெடுமாறன் பெயரின் முதலெழுத்துகள்.

இறுதியில் நிலைத்த தீர்வு யூனிகோட். உலக மொழிகளின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் என்பது அதன் கொள்கை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆனால் கணினிகள் அதைக் கையாளச் சில ஆண்டுகள் ஆயின. விண்டோஸ் வரிசையில் யூனிகோட் தமிழைக் காட்டிய முதல் பதிப்பு விண்டோஸ் 2000. யூனிகோடில் "அம்மா" என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. அதனால் விண்டோசிலும் லினக்சிலும் ஆப்பிளிலும் கைப்பேசியிலும் "அம்மா" அம்மாவாகவே இருக்கும். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் தமிழ் யூனிகோட்தான்.

நீங்கள் பிறந்ததிலிருந்தே யூனிகோட் காலம். அதனால் இப்படி ஒரு சிக்கல் இருந்ததே உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் கோயிலின் பழைய விழா மலர்கள், தமிழ்ப்பள்ளியின் பழைய ஆண்டிதழ்கள், சங்கக் கூட்டக் குறிப்புகள், தாத்தா எழுதிய கவிதைகள் எல்லாம் பெரும்பாலும் பழைய எழுத்துருக்களில்தான் இருக்கும். அவை இருக்கும் கணினிகளைத்தான் இப்போது ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டோ தூக்கிப் போட்டுக்கொண்டோ இருக்கிறோம்.

துடைப்பதற்கு முன் நான்கு வேலை

முதல் வேலை, கோப்புகளை இரண்டு இடத்தில் நகலெடுப்பது. பென் டிரைவ் ஒன்று மட்டும் போதாது. அது தொலையும், கெடும். வெளி வன்தட்டு, இணையச் சேமிப்பு என்று இன்னோர் இடமும் வேண்டும்.

இரண்டாவது வேலை, எழுத்துருக்களை நகலெடுப்பது. விண்டோஸ் அடைவுக்குள் 'ஃபாண்ட்ஸ்' என்ற அடைவு இருக்கும். அதிலுள்ள தமிழ் எழுத்துருக் கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

மூன்றாவது வேலை, முக்கியமான ஆவணங்களைப் பழைய கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றி வைப்பது. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றியபின் சரிபார்க்க அதுவே மூலப்படி.

நான்காவது வேலை, எழுத்துரு மாற்றி கொண்டு கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது. இதற்குப் பல இலவசக் கருவிகள் இருக்கின்றன. பைதான் தெரிந்த மாணவர்கள் 'ஓப்பன்-தமிழ்' என்ற நிரலகத்தைப் பார்க்கலாம்.

இந்த மாற்றத்துக்குள் ஓர் அழகான கணினி அறிவியல் புதிர் ஒளிந்திருக்கிறது. 109க்குப் பதில் 2949 என்று எண்ணுக்கு எண் மாற்றினால் போதுமே என்று தோன்றும். போதாது. "கெ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவோம்: முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் ஒலிக்கும் வரிசை: முதலில் க (2965), பிறகு கொம்பு (3014). எனவே மாற்றும் நிரல் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். "கொ" இன்னும் சிக்கல். பழையதில் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. யூனிகோடில் க, ஒகரக்குறி (3018) என இரண்டே. "கெ"யை முதலில் மாற்றிவிட்டால் காலுக்கு இடம் இல்லாமல் போய், எழுத்து உடையும். அதனால் பெரிய கோவையை முதலில் தேடி மாற்றிவிட்டு, பிறகுதான் சிறியதற்கு வர வேண்டும்.

எந்த இயங்குதளத்துக்குப் போவது?

கோப்புகள் பத்திரமான பிறகு, வழிகள் நான்கு.

முதல் வழி விண்டோஸ் 11. 2021 அக்டோபர் 5 அன்று வெளிவந்தது. இதற்கு 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை தேவை. கடவுச்சொல், பூட்டுத் திறவுகள் போன்றவற்றைப் பாதுகாக்க உதவும் தனி அமைப்பு அந்தச் சில்லு. செயலியும் மைக்ரோசாப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை முதல். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே "முடியாது" என்று வந்தால் உடனே கைவிடாமல், தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இரண்டாவது வழி, கால நீட்டிப்பு. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தர மைக்ரோசாப்ட் ஒரு திட்டம் அறிவித்தது. 30 டாலர் கட்டிச் சேரலாம். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்தால் கட்டணம் இல்லாமலும் சேரலாம். இது தீர்வு அல்ல. மேலே சொன்ன நான்கு வேலைகளை அவசரப்படாமல் செய்யக் கிடைத்த அவகாசம்.

மூன்றாவது வழி லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் தொடங்கியது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருதான். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற வடிவங்களை இலவசமாகப் பெறலாம். கணினியில் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகை முறையும் அதில் உண்டு. டெலிமா போன்று உலாவியில் திறப்பவை எல்லாம் அதிலும் திறக்கும். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் லினக்சில்தான் கணினி கற்கிறார்கள். நம் நாட்டிலும் அரசுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் 2004இலேயே தொடங்கப்பட்டது.

லினக்சுக்குக் குறைகளும் உண்டு. சில கணினி விளையாட்டுகள் ஓடா. சில அச்சுப்பொறிகள் அடம்பிடிக்கும். விண்டோசுக்கென்றே எழுதிய சில மென்பொருள்களுக்கு மாற்றுத் தேட வேண்டும். அப்பாவின் தொழில் அந்தக் கணினியை நம்பி நடக்கிறது என்றால், முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்து, அவருக்குத் தேவையானது எல்லாம் ஓடுகிறதா என்று உறுதி செய்தபின் மாற்றுங்கள்.

நான்காவது வழி, பழையதைப் பழையபடியே வைத்துக்கொண்டு இணையத்தைத் துண்டிப்பது. பிரிக்பீல்ட்சில் ஓர் அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய திருமண அழைப்பிதழ்களும் விழா மலர்களும் பேஜ்மேக்கரில் வடிவமைத்தவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்தக் கோப்புகளைத் திறக்க மட்டும் ஒரு பழைய கணினி தேவைப்படலாம். இணையக் கம்பியும் வைஃபையும் இல்லாமல், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதை வைத்திருப்பதில் தவறில்லை. அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதுதான் தவறு.

கடைசியில் கணினியைக் கழிக்கத்தான் வேண்டும் என்றால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். உள்ளே ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும். நம் நாட்டுச் சட்டத்தில் மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டின்கீழ் வரும் அட்டவணைக் கழிவு. மின்னணுக் கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். அதற்கு முன் வன்தட்டில் உள்ளவற்றை முழுவதும் அழித்துவிடுங்கள்.

தாத்தாவின் பட்டியல்

பெரியப்பாவின் கோப்பு கெடவில்லை என்று பேரனுக்குப் புரிய ஒரு மாலைப்பொழுது ஆனது. பாமினி எழுத்துருவைத் தேடி எடுத்து லினக்சில் நிறுவினான். திரையில் தமிழ் திரும்பி வந்தது. பிறகு யூனிகோடுக்கு மாற்றினான். இடையிடையே சில பெயர்கள் உடைந்து வந்தன.

அவற்றைத் திருத்த இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தாத்தா ஒவ்வொரு பெயராகப் படித்தார். பேரன் தட்டினான். நடுவில் தாத்தா நிறுத்தி, இவர் பால்மரம் வெட்டியவர், இவர் வீட்டில்தான் முதலில் வானொலி வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கோப்பில் இல்லாத அந்தச் செய்திகளையும் பேரன் பெயர்களுக்குப் பக்கத்தில் சேர்த்தான். பட்டியல் இப்போது முன்பைவிட நீளம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

வீட்டிலோ கோயிலிலோ உள்ள ஒரு பழைய கணினியில் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, உங்கள் கைப்பேசிக்கு அனுப்பிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், கவலை இல்லை. ஆங்கில எழுத்துகளாகவோ, ஐரோப்பிய மொழிகளில் வரும் புள்ளி வைத்த எழுத்துகளாகவோ வந்தால், அந்தக் கணினியைத் துடைக்க யாரையும் இன்னும் விடாதீர்கள். முதலில் எழுத்துருவை எடுத்து வையுங்கள். பிறகு அதைத் தட்டச்சு செய்தவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.